ஒத்துழைப்பதற்காகப் பிரிந்த செபமாலைக் கூட்டம்

ஸ்டீல்ஸ் அவெனியூ என்பது ஒரு றோட்டு. அதற்குத் தெற்கே ரொறொன்ரோ, வடக்கே மார்க்கம். இந்த உண்மை எங்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்திருந்தும், அதனால் எங்களில் ஒருவருக்கும் ஒரு துன்பமும் வந்ததில்லை. இது எவ்வளவு பெரிய குறை என்பதை நீக்கிலாஸ் அண்ணை ஐரோப்பாவுக்குப் போய் வந்த பிறகுதான் அறிந்துகொண்டோம்.

நாங்கள் இருப்பது தெற்குப் பக்கம், ரூஜ் என்ற பகுதி. வேரோனிக்கா அக்கா இருப்பது வடக்குப் பக்கம். என் மாடி யன்னலில் நின்றால் றோட்டுக்கு அப்பால் அவவின் வீட்டுக் கூரை தெரியும். நான் புட்டு அவித்தால் சூடு ஆற முதல் அவவுக்குப் போகும். அவ சொதி வைத்தால் எனக்கு வரும். இரண்டு நகரத்து பஸ்ஸுக்கும் இரண்டு காசு கொடுத்து அந்த றோட்டைக் கடந்த காலத்திலும் நாங்கள் அதை எல்லை என்று சொல்லவில்லை. இப்போது ஒரு காசோடு போகலாம் என்று வந்த பிறகுதான் எல்லை வந்தது.

ஒவ்வொரு ஒக்ரோபர் மாதமும் மாதா எங்கள் வீடுகளுக்கு வருவா. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடின சொரூபம். இரவு ஒரு வீட்டில் தங்குவா. பின்னேரம் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்லி, வடை சாப்பிட்டு, பிளேன்ரீ குடித்து, அடுத்த நாள் அடுத்த வீடு. அவவைக் கொண்டுபோகிற வேலை என் மனிசன் கஸ்பருடையது. மாதாவைக் காரின் முன் சீற்றில் இருத்தி, சீற் பெல்ற் போட்டு, என்னைப் பின்னால் ஏறச் சொல்லுவார். இன்னொரு பெண்ணுக்காக நான் முறுமுறுக்காமல் பின் சீற்றுக்குப் போனது அந்த ஒரு ஆளுக்குத்தான்.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் இல்லை. தலைவர் இல்லை. எந்த வீட்டுக்கு எப்ப மாதா என்று வேரோனிக்கா அக்கா போனில் சொல்லுவா. அவ்வளவுதான் நிர்வாகம்.

நீக்கிலாஸ் அண்ணை பெறாமகளின் கலியாணத்துக்கு பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்து ஒருநாள் செபமாலை முடிந்ததும் எழுந்து நின்றார்.

"ட்ராமில ஏறினன். ஒரு ஆறு வந்தது, பாலம் வந்தது. இறங்கினா ஜேர்மனி. ஒருத்தனும் பாஸ்போட் கேக்கேல்லை."

"பிறகு என்ன செய்தனீங்கள்?" என்று கஸ்பர் கேட்டார்.

"சவுக்காரம் வாங்கினன். அங்க மலிவு. திரும்பி வந்திட்டன்."

அதே ஆற்றை அவர் எண்பத்தேழாம் ஆண்டில் ஒரு மரக்கறி லொறிக்குள், கோவாக்களுக்கு நடுவில் மூச்சுப் பிடித்துக்கொண்டு கடந்தவர். அந்த நேரம் அங்கே ஒருவரும் ஒத்துழைக்கவில்லை. ஆனால் பெரிய மனசுக்காரர், அதை மறந்துவிட்டார்.

"ரெண்டு ஊரும் சேந்து ஆத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே பூங்கா வைச்சிருக்குதுகள். ட்ராம் விட்டிருக்குதுகள். அதுக்குப் பேர் எல்லைதாண்டிய ஒத்துழைப்பு. ஐரோப்பா முழுக்க எல்லை ஊருகள் இப்பிடித்தான் ஒண்டாகுது. நாங்களும் எல்லையிலதான் இருக்கிறம். என்ன செய்து கிழிச்சம்?"

"செபமாலை சொன்னனாங்கள்," என்றார் கஸ்பர்.

அதைப் பதிலாக ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கிழமை நீக்கிலாஸ் அண்ணை தன் தம்பியின் மகள் ஸ்டெபனியைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லைகளைப் பற்றிப் பட்டம் படித்த பிள்ளை. இப்படியான முயற்சிகளுக்கு ஆதரவு கொடுக்கிற ஒரு அலுவலகத்தில் வேலை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத்தான் முதலில் கேட்டாள்.

"அன்ரி, பார்ட்னர்ஸ் ஆரார்?"

"நாங்கள்தான் பிள்ளை."

"நோ அன்ரி, ஒத்துழைப்பு எண்டா அற் லீஸ்ற் ரெண்டு அமைப்பு வேணும். நீங்கள் எல்லாரும் ஒரே ஆக்களா இருக்கிறீங்கள். தட்ஸ் எ ப்ராப்ளம்."

இவ்வளவு காலமும் இப்படி ஒரு பிழையோடு வாழ்ந்திருக்கிறோமே என்று எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது. ஒத்துழைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நாங்கள் ஒன்றாக இருந்தோம். ஆகவே முதலில் பிரிய வேண்டும்.

அன்று பின்னேரமே பிரிந்தோம். மிகவும் அன்பாகப் பிரிந்தோம். கடைசி வடையைக்கூடப் பாதியாகப் பிய்த்துப் பிரிந்தோம். தென்கரைச் செபமாலை ஒன்றியத்துக்கு நீக்கிலாஸ் அண்ணை தலைவர். வடகரைச் செபமாலை ஒன்றியத்துக்கு அருள்நாயகம் அங்கிள் தலைவர். அருள்நாயகம் அங்கிள் மன்னாரில் அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அவர் முன்னால் ஒருவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை என்ற கவலை அவருக்கு இருந்தது. அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நான் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அடுத்தது, எல்லைத் தடைகளைக் கண்டறியும் ஆய்வு.

"தடை ஒண்டும் இல்லையே," என்றார் கஸ்பர். "லைற் பச்சையா விழுந்தாப் போறம்."

"அதுதானப்பா பெரிய தடை," என்றார் நீக்கிலாஸ் அண்ணை. "தடை இல்லாட்டி எதை நீக்கிறது?"

எல்லாரும் யோசித்தோம். இந்தப் பக்கம் குப்பை எடுக்கிறது ஒரு நாள், அந்தப் பக்கம் வேறொரு நாள் என்று ஒருத்தி கண்டுபிடித்துச் சொன்னா. ஸ்டெபனி "ஓ, தட்ஸ் குட்" என்று சொல்லிப் பதிந்துகொண்டாள். அந்தப் பக்கத்து ஆட்கள் செபமாலையை இழுத்துச் சொல்லுகினம் என்று இந்தப் பக்கத்தில் ஒருவர் சொன்னார். இந்தப் பக்கத்து ஆட்கள் வடையை எண்ணித் தருகினம் என்று அந்தப் பக்கத்தில் ஒருவர் சொன்னார். ஒரு மணித்தியாலத்துக்குள் நல்ல கனமான தடைகள் சேர்ந்துவிட்டன. சிலர் ஒருவரோடு ஒருவர் கதைக்காமலே வீட்டுக்குப் போனார்கள். ஆய்வு வெற்றி என்று ஸ்டெபனி சொன்னாள்.

பிறகு இணைச் செயலகம் வந்தது. அது அருள்நாயகம் அங்கிளின் பேஸ்மென்ற். செயலகம் வடக்கே போனதால், சமநிலைக்காகப் போட்டோக்கொப்பி மெசின் தெற்கே நீக்கிலாஸ் அண்ணையின் கராஜுக்கு வந்தது. கடிதத்தை அங்கே அடித்து, இங்கே கொப்பி எடுத்து, கையெழுத்துக்குத் திரும்ப அங்கே கொண்டுபோவார்கள். ஒத்துழைப்பு நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு சால்வை. ஐரோப்பியக் கொடி மாதிரி நீலம், அதில் மஞ்சள் நட்சத்திரங்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு நட்சத்திரம், உங்கள் வீட்டுக்கு ஒரு நட்சத்திரம் என்று எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கொடியிலுள்ள நட்சத்திரங்கள் நாடுகளை எண்ணிப் போட்டவையல்ல என்று ஸ்டெபனி விளங்கப்படுத்தினாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் சால்வையில் நீலம் கொஞ்சமாகவும் நட்சத்திரம் கூடவாகவும் இருந்தது. வேரோனிக்கா அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பேபி ஷவர் மேசைச் சீலை மாதிரி இருக்கு," என்று மட்டும் சொன்னா.

ஒக்ரோபர் வந்தது. தென்கரை வீடுகளைச் சுற்றி முடித்து மாதா என் வீட்டுக்கு வந்தா. அடுத்தது வடகரை. கஸ்பர் வழக்கம் போலக் கார்த் திறப்பை எடுத்தார்.

"பொறும் கஸ்பர்," என்றார் நீக்கிலாஸ் அண்ணை. "இவ்வளவு காலமும் மாதா ஒரு ஒழுங்குமுறையும் இல்லாமல் எல்லை கடந்திருக்கிறா. இனி அப்பிடி ஏலாது. இது சுதந்திர நடமாட்டம். அதுக்கு ஒரு முறை இருக்கு."

முறை இதுதான். மாதாவை இரு தலைவர்களும் எல்லையில் வைத்துக் கைமாற்ற வேண்டும். எல்லை எங்கே என்று கேட்டால், றோட்டின் நடுக்கோடு என்றார் அருள்நாயகம் அங்கிள். றோட்டு முழுக்க ரொறொன்ரோவுக்குத்தான் சொந்தம், வடக்கால இருக்கிற புல்லுக்கரைதான் எல்லை என்றார் நீக்கிலாஸ் அண்ணை. புல்லுக்கரை வரை மாதாவைக் கொண்டுபோனால், தானே அருள்நாயகம் அங்கிளைத் தேடிப் போனதாக ஆகிவிடும் என்பது பிறகுதான் நீக்கிலாஸ் அண்ணைக்கு உறைத்தது. உடனே தானும் நடுக்கோட்டுக்கு வந்தார். இதற்குள் அருள்நாயகம் அங்கிள், நீக்கிலாஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறது, புல்லுக்கரைதான் என்று மாறிவிட்டார். ஒருவரையொருவர் இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட பிறகு, விசயம் உபகுழுவுக்குப் போனது.

மாதா என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நின்றா.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேரோனிக்கா அக்கா போன் எடுத்தா.

"பிள்ளை, வியாழக்கிழமை காலமை எனக்கு முழங்கால் ஒப்பரேசன். தெரியும்தானே?"

"தெரியும் அக்கா. நான் செபிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

"மயக்க மருந்து குடுப்பினமாம். எழும்புவனோ எண்டு பயமாக் கிடக்கு. புதன்கிழமை மாதாவைக் கொண்டுவந்து விடு. நான் ஆசுப்பத்திரியால வருமட்டும் அவ இஞ்ச நிக்கட்டும்."

"நீங்கள் இல்லாத வீட்டில அவ என்ன செய்யிறது?"

"விருந்தாளியை வீட்டில விட்டிட்டு ஆரும் ஒரேயடியாப் போவினமே? அவ நிண்டா நான் வந்துதானே ஆகவேணும்."

இதற்குப் பிறகு நான் என்ன சொல்ல? நேரே நீக்கிலாஸ் அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, புதன்கிழமை வேரோனிக்கா அக்காவுக்கு மாதா வேணும்."

"அவ எந்தக் கரை?"

"உங்களுக்குத் தெரியாதே அண்ணை? உங்கட மூத்த பெடியனுக்கு அவதானே ஞானத்தாய்."

"அது பழைய உறவு தங்கச்சி. நான் நிர்வாகத்தைக் கேக்கிறன். வடகரை எண்டா வடகரைத் தலைவர் எனக்கு எழுதவேணும். அதோட கைமாற்றத்துக்குச் சனிக்கிழமை எண்டு இப்பதான் ஒத்துக்கொண்டிருக்கிறம்."

"வியாழக்கிழமை ஒப்பரேசன். அந்த மனிசி பயந்து போய் இருக்கிறா."

"விளங்குது. ஆனா ஒராளை விட்டா, நாளைக்கு எல்லாரும் தங்கட பாட்டுக்கு மாதாவைக் கொண்டு திரிவினம்."

"முந்தி அப்பிடித்தானே திரிஞ்சனாங்கள்?"

"முந்தி ஒத்துழைப்பு இருக்கேல்லைத் தங்கச்சி," என்றார், பொறுமையாக.

என்னைச் சந்தேகித்தார்களோ தெரியாது. செவ்வாய்க்கிழமை தென்கரைக் குழு வந்து மாதாவை நீலப் பட்டால் தலை தொடக்கம் கால் வரை சுற்றி, முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் தலைவரின் கையொப்பமிட்ட ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டுப் போனது. சனிக்கிழமை கைமாற்றம் முடிந்து, வடகரை மண்டபத்தில் திரை விலக்கும் வரை ஒருவரும் தொடக்கூடாது.

புதன்கிழமை காலையில் நான் அந்த நீலப் பட்டின் முன் முழங்காலில் நின்று கேட்டேன். "அம்மா, இப்பிடி ஒரு வேலை செய்யட்டோ?" அவ ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெண்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் மாதா அப்படியான ஆள் இல்லை.

புட்டுப்பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒட்டுத்தாளை ஆவியில் பிடித்தேன். அழகாகக் கழன்று வந்தது. மாதாவை என் கூறைச்சேலையால் போர்த்தினேன். பிறகு பானையை ஆறவிட்டு, துடைத்து, மா அவிக்கிற நீத்துப்பெட்டியை அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்தேன். பனையோலையில் கூம்பாகப் பின்னிய பெட்டி. கவிழ்த்தால் முக்காடு போட்ட தலை மாதிரி நிற்கும். அதைச் சுற்றி நீலப் பட்டைக் கட்டி, ஒட்டுத்தாளை ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே ஒரு அருள்நிறை மந்திரம் வாயில் வந்துவிட்டது.

கஸ்பர் குசினிக்குள் வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நாளைக்குப் புட்டு?"

"பாணைச் சாப்பிடுங்கோ. கார்த் திறப்பை எடுங்கோ."

மாதா முன் சீற்றில் சீற் பெல்ற்றோடு, நான் பின்னால். லைற் பச்சையாக விழுந்தது. போனோம். வேரோனிக்கா அக்கா வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றா. மாதாவைக் கண்டதும் தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினா. விழுந்துவிடுவாவோ என்று நான் பிடித்தேன். விழவில்லை.

வியாழக்கிழமை ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. கண் திறந்தவுடன், "வீட்டில ஆள் நிக்குது, எப்ப விடுவீங்கள்?" என்று தாதியிடம் கேட்டாவாம்.

சனிக்கிழமை மழையும் முதல் பனியும் கலந்து கொட்டியது. ஸ்டீல்ஸ் சந்தியில் தெற்கே நாங்கள், வடக்கே அவர்கள். எல்லாரும் நட்சத்திரச் சால்வையோடு. நடக்கிற லைற் விழுந்ததும் இரு தலைவர்களும் ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்து, நடுத்திட்டில் சந்திப்பது என்று உபகுழு தீர்த்திருந்தது.

நீக்கிலாஸ் அண்ணை நீலப் பட்டை மார்போடு அணைத்துத் தூக்கினார்.

"மாதா இந்த முறை பாரம் குறைவு."

"எல்லாம் கிருபை, அண்ணை," என்றேன்.

ஸ்டெபனி கிட்ட வந்து மூக்கைச் சுழித்தாள். "அன்ரி, தேங்காய்ப்பூ மாதிரி ஸ்மெல் வருது."

நான் வாய் திறக்க முதல், நட்பின் அடையாளமாக எங்கள் பக்கம் அனுப்பப்பட்டிருந்த வடகரைப் பிரதிநிதி சொன்னார்: "புனிதமான பொருள்களில இருந்து வாசம் வாறது உண்டு பிள்ளை. அதை எழுதும்." அவள் எழுதினாள்.

தலைவர்கள் நடுத்திட்டில் சந்தித்தார்கள். அருள்நாயகம் அங்கிள் மாலை போட்டார். கைமாற்றப்பட்ட பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைத்தார். பிறகு பேச்சுகள். ஆர் முதலில் பேசுவது என்பது தீராதபடியால் இருவரும் ஒன்றாகப் பேசினார்கள். லைற் சிவந்தது, பச்சையானது, திரும்பச் சிவந்தது. ஒரு பஸ் சாரதி யன்னலைத் திறந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். "ஐரோப்பிய ஒருங்கிணைப்பு," என்று கஸ்பர் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் யன்னலை மூடிவிட்டார்.

கைமாற்றத்தைப் படம் எடுத்து, ஸ்டெபனி அங்கிருந்தே தன் அலுவலகத்துக்கு அனுப்பினாள். பொதுப் பாரம்பரியச் சின்னம் எல்லை கடந்ததற்கு வாழ்த்துகள் என்று, நாங்கள் வடகரை மண்டபத்துக்குப் போய்ச் சேர முதலே பதில் வந்துவிட்டது.

மண்டபத்தில் இரு தலைவர்களும் பட்டின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தார்கள்.

புட்டுப்பானை நின்றது. கழுத்தில் மாலையோடு, தலையில் நீத்துப்பெட்டியோடு.

கஸ்பர் கூரையைப் பார்த்தார். நான் செபமாலையைப் பார்த்தேன். மற்ற எல்லாரும் தலைவர்களைப் பார்த்தார்கள். இது மாதா இல்லை என்று நீக்கிலாஸ் அண்ணை சொன்னால், பானையைச் சுமந்து வந்தவர் அவர். இது மாதா இல்லை என்று அருள்நாயகம் அங்கிள் சொன்னால், பானைக்கு மாலை போட்டுக் கையெழுத்து வைத்தவர் அவர். இருவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்தார்கள். இந்த இரண்டு கரைகளும் உண்மையில் ஒத்துழைத்தது அந்த ஒரு பார்வையில்தான் என்று நினைக்கிறேன்.

"அன்பர்களே," என்றார் நீக்கிலாஸ் அண்ணை. "புட்டுப்பானையைப் பாருங்கள். கீழே தண்ணீர். மேலே மா. ஆனால் ஆவி எல்லை பார்ப்பதில்லை."

"இதைவிடச் சிறந்த சின்னம் எங்கள் பிராந்தியத்துக்கு இல்லை," என்றார் அருள்நாயகம் அங்கிள்.

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. நானும் தட்டினேன். அப்படியென்றால் மாதா எங்கே என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

பானையை இணைச் செயலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அடுத்த முறை நான் அங்கே போனபோது ஆரோ அதன் முன் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். பழக்கத்தில் நானும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டேன். பிறகுதான் அது என் பானை என்று நினைவு வந்தது.

வேரோனிக்கா அக்கா ஆசுப்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தா. மாதா மேசையில் அப்படியே நின்றா. நான் பார்க்கப் போனபோது அக்கா கட்டிலில் சாய்ந்திருந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

"ஆசுப்பத்திரிச் சாப்பாடு நாக்கில வைக்க ஏலாது. உன்ர கையால ஒரு பிடி புட்டு அவிச்சுத் தா."

"மா என்ர பக்கத்தில இருக்கு அக்கா. பானை உங்கட பக்கத்தில இருக்கு."

அருள்நாயகம் அங்கிளிடம் போய்ப் பானையைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பானை இப்போது இரு கரைக்கும் பொதுச் சொத்து, தனியாளுக்குக் கொடுக்க ஏலாது. ஆனால் வழி இருக்கிறது. தென்கரையில் ஒரு புட்டு மாதர் அணி, வடகரையில் ஒரு புட்டு மாதர் அணி என்று அமைத்து, இரண்டு அணித் தலைவிகளும் சேர்ந்து விண்ணப்பித்தால் பரிசீலிக்கலாம்.

திரும்பி வந்து அக்காவுக்குச் சொன்னேன். கூட வந்த கஸ்பருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மார்க்கம் றோட்டுக் கடையில பானை அடுக்கி வைச்சிருக்கிறாங்கள். போய் ஒண்டை வாங்கியந்தாச் சரிதானே?"

"நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ கஸ்பர்," என்றா வேரோனிக்கா அக்கா. என் பக்கம் திரும்பினா. "வடகரைக்குத் தலைவி ஆரெண்டு அந்த மனிசன் சொன்னவரே?"

"ஒருத்தரையும் சொல்லேல்லை அக்கா."

"அப்ப நான் இருப்பன். முழங்காலுக்குத்தானே சுகமில்லை." தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டா. "உங்கட கரைக்கு?"

நான் அவவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"வாற வழியில எங்கட கரைப் பொம்பிளையளுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டன் அக்கா, நான்தான் எண்டு."

மாதா மேசையில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தா. அன்றைக்குப் புட்டு அவிக்கவில்லை. கூட்டம் வைத்தோம்.